லோரோங் ஏழு முனையில் ஒரு கேட்

3 மார்ச் 2025

தலைவர் அவர்கள்,
லோரோங் 7 குடியிருப்போர் குழு.

ஐயா,

வணக்கம். உங்கள் புதுக் கேட்டில் "புகார்கள் எழுத்து மூலம் மட்டும்" என்று போர்டு மாட்டி, கீழே ஒரு சிவப்புப் பெட்டியும் வைத்திருக்கிறீர்கள். போனில் பேசலாம் என்றால் தலைவர் அவர்கள் என் நம்பரை ஆறு மாதமாகத் தடுத்து வைத்திருக்கிறார். நேரில் வரலாம் என்றால் வழியில் கேட். ஆகவே எழுதுகிறேன். என் பெயர் தேவகி, வயது ஐம்பத்து நான்கு. கேட்டுக்கு இந்தப் பக்கம், பழைய தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த ருமா மூரா மலிவு வீட்டில் குடியிருக்கிறேன். தலைவர் புவனேசனுக்கு நான் கூடப்பிறந்த தங்கை என்பதையும் குழுவின் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

போதும் அண்ணே, எனக்கு இப்படி எழுத வரவில்லை.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஆள் கூட்டி வந்து சந்துப் பாதையை இரும்பால் அடைத்தீர்களே, ஒரு பூட்டாவது போட்டீர்களா? பூட்டுப் போட்டால் சாவி கேட்டு வருவார்கள் என்று வெல்டிங்கே வைத்துவிட்டீர்கள். என்ன மனசு அண்ணே அது!

என் வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக் கேண்டீனுக்கு ஏழு நிமிஷ நடை. ஐந்தே முக்காலுக்கு இறங்கினால் சந்து முனிச் சாமி மேடைப் பக்கத்தில் பாப்பம்மா அக்கா பூக்கூடையை இறக்கிக்கொண்டிருப்பார். உங்கள் லோரோங் தெருவில் அந்த மலாய் டீச்சர் கார் துடைத்துக்கொண்டே "பாகி, காக்" என்று காலை வணக்கம் சொல்வார். முடிவெட்டும் இருளப்பன் அண்ணன் கடைக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார். காப்பிக்கடைச் சீனத்தி பாலாடையைத் தனியாக எடுத்து வைத்திருப்பாள். அப்புறம் கிளினிக், பாசார், பள்ளி. எனக்கு வலிப்பு வரும் என்று இந்த ஏழு நிமிஷ வழியில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். யாரும் கூச்சல் போடமாட்டார்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், தலைக்குத் துணி மடித்து வைப்பார்கள், பத்து நிமிஷத்தில் எழுந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

எனக்கு லைசென்ஸ் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. கார் கேட்காத ஊராக இது இருந்ததால்தான் என் வீட்டுக்காரர், ஜீவன் அப்பா, செத்த பிறகும் நான் யார் கையையும் பார்க்காமல் பிழைத்தேன்.

இப்போது ஒரு பக்கம் ரயில் வேலி, மறுபக்கம் தொழிற்சாலைச் சுவர். பெரிய ரோட்டைச் சுற்றினால் நாற்பது நிமிஷம். நடைபாதை கிடையாது, லோரிகள் உரசிக்கொண்டு போகின்றன. ஜீவன் பினாங்கிலிருந்து, "கிராப் எடுங்கம்மா, சும்மா டென்ஷன் ஆகாதீங்கலா" என்கிறான். இருட்டோடு இருட்டாக இரண்டு கிலோமீட்டருக்கு எந்த கிராப் டாக்சிக்காரன் வருவான்?

கருமாதி அன்று எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னீர்களே, அதைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. இது கேட் விஷயம் மட்டும். கேட்டைத் திறக்க வேண்டும். அதுதான் புகார்.

தேவகி

*

10 மார்ச் 2025

திருமதி தேவகி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் மேற்படி சந்து வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தாலிச் சங்கிலியைப் பறித்ததில், லோரோங் 7-ஐச் சேர்ந்த குணவதி என்பவர் தரையில் இழுபட்டு, பதினோரு நாள் கழித்து மருத்துவமனையில் காலமானார். குடியிருப்போரின் பாதுகாப்பு கருதியே கேட் போடப்பட்டது. மேலும் அது தனியார் நிலம். கேட் திறக்கப்படமாட்டாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

வீ. புவனேசன்
தலைவர்

பி.கு. அந்தப் பெரிய ரோட்டில் இருட்டில் நடக்காதே. இங்கே பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்து இருந்துகொள். மாத்திரை தீர்ந்திருந்தால் சொல்லி அனுப்பு.

*

19 மார்ச் 2025

அண்ணே,

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற தங்கைக்கு ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போட்ட ஒரே ஆள் இந்தக் கெடா மாநிலத்திலேயே நீங்களாகத்தான் இருக்கும். போஸ்ட்மேன் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"குணவதி என்பவர்." எழுதும்போது கை கூசவில்லையா? எங்கள் அண்ணி உங்களுக்கு "என்பவர்" ஆகிவிட்டாளா? இரண்டு நாள் அந்தக் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். அதற்குப் பிறகுதான் கடைசி வரியில் மாத்திரை கேட்டிருந்தது கண்ணில் பட்டது. தீரவில்லை. இருக்கிறது.

பின்னறை வேண்டாம். நான் என் வீட்டில் இருந்துகொண்டு என் காலால் வேலைக்குப் போய்வர வேண்டும். அதை விட்டுவிட்டு உங்கள் பின்னறையில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன சீக்காளியா?

தனியார் நிலம் என்றீர்கள். எனக்கு உட்கார முடியவில்லை. பள்ளி ஆபீஸ் கிராணி யோகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்கே போய்விட்டேன். நோன்பு மாதம், கவுண்டர் சீக்கிரம் மூடிவிடுவான் என்று ஓட்டமும் நடையுமாகப் போனோம். அங்கே பிளானை விரித்துக் காட்டினார்கள் அண்ணே. பத்து அடி அகலத்துக்கு ஒரு கோடு, நம் சந்துதான். அது பொதுவழிக்கு என்று அரசாங்கம் ஒதுக்கிய நிலம். ஆனால் பக்கத்து நிலக்காரர் அதைத் தன் லாட்டோடு சேர்த்துத் தரும்படி மனுப் போட்டிருக்கிறாராம். யாரும் நடக்காத வழிதானே, கேட்டே போட்டு மூடியிருக்கிறார்களே என்று காரணம் எழுதியிருக்கிறார். உங்கள் கேட்டைத்தான் சாட்சிக்குக் காட்டுகிறார்!

ஏப்ரல் 20, வெள்ளி சனி லீவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அதிகாரி பார்வையிட வருகிறார். எல்லைக்கல் இரண்டு இருக்க வேண்டுமாம். வாய்க்கால் ஓரத்துக் கல் இருக்கிறது, இன்னொன்றைக் காணவில்லை. அது அகப்படாவிட்டால் வழி எங்கே இருந்தது என்று காட்ட முடியாது, மனு செல்லுபடியாகிவிடும். அப்புறம் கேட் இல்லை, சுவரே எழும்பும். ஆயுசுக்கும் லோரிக்கு நடுவில்தான் நான்.

"டூலு சியாப்பா உக்கூர்?" என்று கேட்டார் அதிகாரி. அந்தக் காலத்தில் அளந்தது யார் என்று. நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எண்பத்தேழில் சர்வே கம்பெனியில் அளவுச் சங்கிலி பிடித்தது நீங்கள்தானே. கல் நட்டதும் நீங்கள்தானே.

மோட்டார் நுழையாமல் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி இரண்டு கம்பத்தை எதிரும் புதிருமாக நட்டால் போதும். லோரோங் 12-இல் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததா?

கல் எங்கே அண்ணே?

தேவகி

*

25 மார்ச் 2025

தேவகிக்கு,

இதைத் தலைவர் எழுதவில்லை. அதனால் தபாலில் போடாமல் பாப்பம்மாவிடம் கம்பிக்குள் விட்டுக் கொடுக்கிறேன்.

எனக்கும்தான் உட்கார முடியவில்லை. குணவதி போனதிலிருந்து வீட்டுக்குள் நாற்காலி எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிடுகிறேன். லோரோங் ஏழு, மூன்று, நான்கு, பாசார், ரயில் ஸ்டேஷன், கோயில், திரும்ப ஏழு. நாளைக்கு நாலு சுற்று. காப்பிக்கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, "அண்ணே, நீ போலீஸ் வேலை எடுத்துட்டியா?" என்று கேட்கிறான்.

எண்பத்தேழில் நான் சங்கிலியோடு இங்கே இறங்கியபோது ஒரு வீடு கிடையாது. தோட்டத்தை நாலு துண்டாக விற்று, கித்தா ரப்பர் மரங்களைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். எங்கள் சர்வேயர் ஒரு மலாய்க்காரர், நிதானமான மனிதர். கோட்டை எந்தப் பக்கம் இழுக்கலாம் என்று யோசிக்கும்போது பிளானைப் பார்க்கமாட்டார், தரையைப் பார்ப்பார். மரம் சீவப் போன தடம், பால் வாளி தூக்கிப் போன தடம், லயன் வீடுகளிலிருந்து கடைக்குப் போன தடம், எல்லாம் புல் முளைக்காமல் வெள்ளையாகத் தெரியும். "புவன், ஓராங் சுடா ஜாலான். கீத்தா ஈகூட் சாஜா" என்பார். ஜனங்கள் ஏற்கெனவே நடந்துவிட்டார்கள், நாம் பின்னால் போனால் போதும் என்று.

அப்படித்தான் போட்டோம். லோரோங் மூன்று, பால் கொட்டாய்க்குப் போன வழி. லோரோங் நான்கில் ஒரு வளைவு இருக்கிறதே, கார்க்காரன்கள் எல்லாம் திட்டுகிறான்களே, அங்கே ஒரு கிணறு இருந்தது. அதைச் சுற்றிப் போன கால்கள் அவை. லயனிலிருந்தும் மலாய்க்காரர் கம்போங்கிலிருந்தும் சீனன் கடைகளிலிருந்தும் வந்த தடங்கள் மூன்றும் கூடிய இடத்தில் பாசார். அதனால்தான் நம் எஸ்.பி. டவுனில் மற்றத் தாமான் குடியிருப்புகளில் ரொட்டி வாங்கக் கார் எடுக்கிறார்கள், இங்கே கைலியோடு நடந்துபோய் மீன் வாங்கி வருகிறார்கள். இது யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது.

சந்துப் பாதைக்கு வந்தபோது, "இனி ஜாலான் சியாப்பா?", இது யார் வழி, என்று கேட்டார். "செமுவா ஓராங் பூஞா, என்சேக்" என்றேன். எல்லாருடைய வழி. எனக்கு வயது இருபத்தொன்று, பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். பத்து அடி ஒதுக்கு என்று எழுதிக்கொண்டார்.

ஆமாம், அது தனியார் நிலம் இல்லை. கூட்டத்தில் நான்தான் அப்படிச் சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். அன்றைக்கு அவரிடம் "இது வழி இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே சுவர் எழும்பியிருக்கும். மோட்டார் வந்திருக்காது. குணவதி இந்நேரம் எனக்கு ரசம் வைத்துக்கொண்டிருப்பாள். நான் திறந்துவிட்ட வழியில் நானே பறிகொடுத்தேன். நானே அடைக்கிறேன். இதில் உனக்கு என்ன?

கல் இல்லை. போய்விட்டது. தேடாதே.

புவனேசன்

*

8 ஏப்ரல் 2025

அண்ணே,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது முழங்கையில் கட்டு.

ராயாப் பெருநாள் விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்தார்கள். பெரிய ரோட்டில் பாதி தூரம்கூடப் போகவில்லை, விழுந்துவிட்டேன். கண் முழித்தபோது புல்லில் கிடந்தேன், கால் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தன் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் "மாபோக்கா?" என்கிறான். ஐம்பத்து நான்கு வயதில் ரோட்டில் குடித்துவிட்டுக் கிடக்கிறவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். லோரி ஹார்ன் அடித்ததுதான் இன்னும் காதில் இருக்கிறது.

பள்ளியில் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். "அக்கா, நீங்க இப்படி வந்து போறது எங்களுக்குப் பயமா இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் லீவுல இருங்க. வழி சரியாச்சுன்னா வாங்க. இல்லேன்னா வேற ஆள்தான் பாக்கணும்" என்றார்கள். எப்படி மறுத்துப் பேசுவது? பிள்ளைகள் பார்க்க லோரியில் அடிபட்டுச் செத்தால் அவர்களுக்குத்தானே சங்கடம்.

இப்போது நாள் முழுக்க வீட்டில். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் நடக்கிறீர்கள், நான் இந்தப் பக்கம் நடக்கிறேன்.

எட்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருப்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் புல்லில் கிடக்கும்போது தோன்றியது. கருமாதியில், "உன் வீட்டுக்கு வர்ற வழியிலதான்டி அவ போனா" என்று கத்தினீர்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். கோபத்தில் இல்லை அண்ணே. நீங்கள் சொன்னது உண்மை, அதனால்.

அன்று அண்ணிக்கு நான்தான் போன் போட்டேன். "முடியல அண்ணி, காலைல வந்துருச்சு, தலை தூக்க முடியல" என்றேன். வலிப்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பள்ளி லீவு, ஜீவனும் வரவில்லை, வீடு வெறிச்சென்று இருந்தது. அண்ணி வந்தால் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கலாம் என்று பொய் சொன்னேன். கஞ்சி தூக்கோடு கிளம்பி வந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடியபோது கஞ்சி மண்ணில் கிடந்தது.

இனிமேல் கேட்டைத் திறங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வெறுமனே சொன்னேன்.

தேவகி

*

11 ஏப்ரல் 2025

தேவகி,

முதலில் இதைப் படி. நீ பொய் சொன்னது அவளுக்குத் தெரியும்.

தூக்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டே, "ஒங்க தங்கச்சிக்கு ஒண்ணும் இருக்காது, வாய் பேச ஆள் வேணும் அவளுக்கு. எனக்கும்தான் வேணும், ஒங்ககிட்ட என்னத்தப் பேசறது" என்று சிரித்தாள். நான் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அதுதான் கடைசியாக அவள் என்னிடம் பேசியது. அவள் மனசறிந்துதான் வந்தாள். தெரிந்துகொண்டே கருமாதியில் பழியை உன் தலையில் போட்டேன். எங்கேயாவது போட வேண்டியிருந்தது, நீ பக்கத்தில் நின்றாய்.

இப்போது நீ கேட்ட கல். தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போகிறாயே, அதுதான். சந்து முனி.

ஒரு புதன்கிழமை நட்டேன். அந்த இடம் சதுப்பு என்று சாதாரணக் கல்லைவிட ஒரு முழம் உயரமாக வார்த்தோம். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறது! லயன் பெண் ஒருத்தி அங்கே பாம்பை மிதித்துத் தப்பித்தாளாம். முந்தின வாரம் இல்லாத கல் எப்படி முளைத்தது, முனிதான் எழுந்து நின்றான் என்று பேச்சு. அடுத்த வாரம் எலுமிச்சம்பழம். அதற்கு அடுத்த வாரம் சூலம். சர்வேயரிடம் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பியார்லா, விடு, கல் இருந்தால் சரி" என்று போய்விட்டார். நம் அம்மாவே எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அதற்கு மாலை போட்டாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள். அப்புறம் மேடை, ஓடு, மணி. முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. குணவதி வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுவாள். அவளிடமும் சொல்லவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் நான் அங்கே போய் விழுந்தேன். சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு. கலந்தது இந்தக் கைதான். தெரிந்தும் கேட்டேன் தேவகி. பிச்சை கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் போன பிறகு இனி ஆயுசுக்கும் அதன் முன்னால் கால் வைக்கக் கூடாது என்றுதான் கேட் அடிக்க ஆள் தேடினேன். மோட்டார், பாதுகாப்பு எல்லாம் கூட்டத்துக்குச் சொன்னது.

அதிகாரி வந்தால் அந்தச் சாமியைத்தான் எல்லைக்கல் என்று காட்ட வேண்டும். பாப்பம்மாவிடம் யார் போய்ச் சொல்வது? அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இருக்கிற ஒரே தெய்வம், நான் போட்ட கான்கிரீட் என்று எந்த வாயால் சொல்ல? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

முழங்கைக் கட்டை நனைக்காதே.

அண்ணன்

*

13 ஏப்ரல் 2025

அண்ணே,

கடிதத்தின் முதல் பாகத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். "எனக்கும்தான் வேணும்" என்று அண்ணி சொன்னாளா? அவள் குரலிலேயே கேட்கிறது. நன்றாக அழுதேன். எட்டு மாதத்துக்குப் பிறகு ராத்திரி தூங்கினேன்.

அடுத்த பாகத்தைப் படித்துவிட்டு எனக்கும் பயம்தான் வந்தது. நேற்றுக் காலை பாப்பம்மா அக்கா முனிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, துணி பிழிந்து கொடுக்கிற மாதிரி பக்கத்தில் நின்று மெல்ல ஆரம்பித்தேன். "அக்கா, இந்தக் கல்லு இருக்கே…" என்று இழுத்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சர்வே கல்லுதானே? அதுக்கு என்னா இப்போ?"

அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முப்பத்தெட்டு வருசமா குளிப்பாட்டுறேன், முதுகுல நம்பர் இருக்கறது தெரியாதா எனக்கு? அஞ்சு ரெண்டு ஏழு ஒண்ணு. லயன்ல அத்தனை பொம்பளையும் அந்த நம்பரத்தான் எக்கோர் லாட்டரி எடுத்தோம். தொண்ணூத்தி நாலுல மூணாவது பரிசு விழுந்துச்சு. இந்த மேடை, ஓடு எல்லாம் எதுல கட்டுனதுன்னு நெனச்சே? ஒங்க அண்ணன் நட்டதுன்னும் தெரியும். சங்கிலிய இழுத்துக்கிட்டு மூக்கொழுகத் திரிஞ்சான்லா."

"அப்புறம் ஏன்க்கா கும்பிட்டீங்க?" என்றேன்.

"ஏன், மத்த சாமியெல்லாம் என்னா, வெண்ணெயா? எல்லாம் கல்லுதானே. இது கவர்மெண்டு கல்லு, ஒருத்தனும் புடுங்க முடியாது. தோட்டத்துல எங்க கோயில மூணு தடவ புடுங்கிப் போட்டானுங்க. அதான் பாத்து, இதுல சாமியக் கொண்டாந்து வெச்சோம்."

கேட்டீர்களா அண்ணே? முப்பத்தெட்டு வருஷமாக நீங்கள் ஒருத்தர்தான் இதை ரகசியமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறீர்கள். லயன் முழுக்கத் தெரிந்த விஷயம்!

யோகேஸ்வரி நில அலுவலகத்துக்குப் போன் போட்டாள். 5271, பிளானில் இருக்கிற நம்பரேதான். ஆனால் மேடை கட்டும்போது கல்லை நகர்த்தியிருக்கலாம் என்று அந்த நிலக்காரர் சண்டை பிடிப்பாராம். இது முதலில் நட்ட இடத்திலேயே நிற்கிறது என்று, நட்டவர் நேரில் வந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

இருபதாம் தேதி காலை பத்து மணி. நீங்கள் வந்தால் உங்கள் குழுவே அங்கே நிற்கும், தனியார் நிலம் என்று சொன்னது பொய் என்பதும் தெரிந்துவிடும். வராவிட்டால் நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்க வேண்டியதுதான். நாளைக்குப் புத்தாண்டு. நல்ல நாளும் அதுவுமாக வற்புறுத்தமாட்டேன்.

தேவகி

*

22 ஏப்ரல் 2025

அண்ணே,

நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். ஒன்பதே முக்காலுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றீர்கள்.

பாப்பம்மா அக்கா பட்டுத் துணியை அவிழ்த்து, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து நம்பரைக் காட்டியபோது அந்த மலாய் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குனிந்து பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. வாய்க்கால் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று அவர் கேட்குமுன் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். டேப் வைத்துப் பார்த்தால் சரியாக இருந்தது. நீங்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே கையெழுத்துப் போட்டதும், வழி இதுதான் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். உங்கள் செயலாளர் ஜெயகுமார், "அப்போ எங்ககிட்ட பொய் சொன்னீங்களா அண்ணே?" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். நீங்கள் "ஆமா" என்றீர்கள். தலைவர் பதவியையும் அன்றைக்கே விட்டுவிட்டீர்கள் என்று இருளப்பன் அண்ணன் சொன்னார்.

மறுநாளே மிஷினோடு நின்று நீங்களே வெல்டிங்கை அறுத்தீர்கள். கம்பமும் இரண்டு நட்டாகிவிட்டது. பள்ளியில் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேலை.

எல்லாம் சரி. ஆனால் இரண்டு நாளும் நீங்கள் கேட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றீர்கள். ஒரு அடி இந்தப் பக்கம் எடுத்து வைக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. வழி திறந்தாகிவிட்டது, இனிமேல் எழுதுவதற்குக் காரணம் இல்லை. பெட்டியையும் கழற்றிவிட்டீர்கள். அதனால் இதை உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

தேவகி

*

12 மே 2025

தேவகி,

இந்தக் காகிதம் உன் வீட்டு ஜன்னல் கண்ணாடியிடுக்கில் இருக்கும். நீ எழுந்ததும் பார்ப்பாய். நடந்ததைப் பாப்பம்மா உன்னிடம் கை கால் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நீ மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து தினமும் ஐந்து ஐம்பதுக்கு நான் திரைக்குப் பின்னால் நிற்கிறேன். நீ வாசலைத் தாண்டிப் போவாய். திரும்பிப் பார்க்கமாட்டாய். பிறகு நான் காப்பி போடுவேன். அவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு ஐந்து ஐம்பதுக்கு நீ வரவில்லை. ஆறு ஆயிற்று. அந்த மலாய் டீச்சரும் வெளியே இல்லை. ஆறு ஐந்துக்கு எனக்குள் என்னமோ அறுந்து போய்விட்டது. எங்கேயோ விழுந்து கிடக்கிறாய் என்றே முடிவு கட்டிவிட்டேன். கதவைக்கூடச் சாத்தாமல், செருப்பில்லாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். நான் நட்ட கம்பத்தில் நானே இடித்துக்கொண்டேன், இடுப்பு வீங்கியிருக்கிறது. வாய்க்காலை எட்டிப் பார்த்தேன், இல்லை. புல்லில் பார்த்தேன், இல்லை. உன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாயில் கிடக்கிறாய். "தேவகி!" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் நீ புரண்டு படுத்து ஒரு குறட்டை விட்டாய் பார், இரண்டு வீட்டுக்குக் கேட்கும்.

பின்னாலேயே பாப்பம்மா மூச்சிரைக்க வந்து நிற்கிறாள். "தம்பி, இன்னிக்கு வெசாக் லீவு. ஸ்கூலு இல்லலா!"

கதவைத் தட்டாமல் திரும்பினேன். பாதி வழியில்தான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. குணவதி விழுந்த இடம். ஓடும்போது அதன்மேல் மிதித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன், ஆனால் அவள் நினைப்பே வரவில்லை. உன் நினைப்பு மட்டும்தான் இருந்தது. அதை நினைத்ததும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடுகாட்டில் அழவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து இன்றைக்கு அழுதேன். பூ வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். பாப்பம்மா பூக்கட்டு ஒன்றை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதைக் குணவதிக்கென்று அங்கேயே வைத்தேன்.

சாயந்தரம் வருகிறேன். கஞ்சி வை, துவையல் போதும். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அடுத்த தடவை பள்ளி லீவு என்றால் முந்தின நாளே சொல்லித் தொலை.

அண்ணன்